ஆடு அவிழ்க்கப் பதினொரு செக்கன்

“கதைக்காதேங்கோ, ஓடுறன்” என்றாள் மனைவி.

அவள் கதிரையில் இருந்தாள். பின்னேரம் நான்கு மணி இருக்கும். குசினியிலிருந்து ஏதோ அடிப்பிடிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. நான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கையில் பருப்புச் சரையுடன், இருந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் பின்னால் போய் நின்றேன்.

“எதுக்கு ஓடுறீர்?”

“வீடு கட்ட.”

“கட்டின வீட்டுக்குள்ளதானே இருக்கிறீர்?”

மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி மேசையில் திறந்திருந்தது. திரையில் ஒரு தீவு. சதுரம் சதுரமான மரங்கள், சதுரமான பாறைகள், ஏறக்குறையச் சதுரமான ஆடுகள். திரையின் கீழிருந்து ஒரு கை மட்டும் நீண்டு மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கைக்குரிய ஆளைக் காணவில்லை. கதாநாயகன் யாரென்று தெரியாமலே ஐந்நூறு பக்க நாவல்களை வாசித்து முடித்து, அவற்றைப் பற்றிப் பிறருக்கு விளக்கமும் சொன்னவன் நான். இருந்தும் இதில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

“எதிரி எங்கை?”

“எதிரி இல்லை.”

“சுடுறது, வெட்டுறது?”

“ஒண்டும் இல்லை.”

“பசி?”

“அதுவும் இல்லை. வெளிச்சத்தை மறைக்காமல் அங்கால நில்லுங்கோ.”

எதிரி இல்லை. பசி இல்லை. இன்ன திகதிக்குள் அத்திவாரம் போடாவிட்டால் பெயர் வெட்டப்படும் என்று அறிவிக்கும் அரசாங்கக் கந்தோரும் இல்லை. மண், மரம், கடல் மட்டும்தான். அப்படியொரு இடம் எனக்குக் கிடைத்தால் சாய்மனைக் கதிரையைப் போட்டுப் படுத்துவிடுவேன். இவளோ அங்கே போய் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறாள்.

போர் துரத்த எங்கள் ஊரான அரிப்பிலிருந்து எழும்பி, முருங்கன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் தறப்பாள் கூடாரங்களிலும் இருந்துவிட்டு நாங்கள் திரும்பி வந்து மூன்று வருடமான காலம் அது. மகள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போனபோது இந்தக் கணினியை விட்டுவிட்டுப் போயிருந்தாள். விளையாட்டு அதற்குள் இருந்தது. தாய்க்குப் பழக்கியவளும் அவள்தான். எனக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்த முயன்றவளும் அவள்தான்.

“அப்பா, அதுக்குப் பேர் ஸ்பீட் ரன். வெறுங்கையோட தொடங்கோணும். நாலு சுவர், கூரை, கதவு, விளக்கு, கட்டில், அவ்வளவுதான். கட்டில்ல படுத்தவுடன நேரம் நிண்டிடும். ஆர் கெதியாப் படுக்கினமோ அவைதான் முதல்.”

“கெதியாப் படுக்கிற போட்டியெண்டால் நானும் வரலாமே?”

“அப்பா!”

“சரி சரி. வெண்டால் என்ன தருவினம்?”

“ஒண்டும் தரமாட்டினம். பட்டியல்ல பேர் போடுவினம்.”

பட்டியல் என்றதும் மங்கலாக ஏதோ விளங்கியது. மீளக்குடியேறிய எங்கள் பக்கத்தில் காற்றுக்கும் பட்டியலுக்கும் தட்டுப்பாடு வந்ததே இல்லை. வீட்டுக்கு ஒரு பட்டியல், மலசலகூடத்துக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, மண்வெட்டிக்கு ஒன்று. நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். ஓய்ந்த நேரத்தில், அதாவது வேலை நேரத்தில், பட்டியலில் விடுபட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். நாலு ஊரில் எனக்கிருந்த மரியாதை முழுவதும் அந்த மனுக்களால் வந்தது. என்னுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் விடுபட்டதில்லை. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் கம்பீரமாக இருக்கும். மண்வெட்டியும் என் பெயருக்குத்தான் வந்தது. அதைப் பிடித்துக் கிடங்கு வெட்டியவளின் பெயர் எங்கேயும் இல்லை. அவளுக்கென்று இருந்தது ‘தங்கிவாழ்வோர் தொகை’ என்ற கட்டம். அதில் இரண்டு என்று எழுதுவார்கள். அந்த இரண்டில் ஒன்று அவள்.

விளையாட்டுக்காரரிடம் அவள் பதிந்திருந்தது தன்னுடைய பெயரை. முன்னால் தகப்பனின் எழுத்தும் இல்லை, என்னுடைய எழுத்தும் இல்லை.

“தலைப்பெழுத்தை விட்டிட்டீர்” என்று காட்டினேன்.

“விடேல்லை. போடேல்லை.”

அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் போய்ப் பருப்பைப் போத்தலில் கொட்டினேன்.

அவளுடைய ஓட்டத்தை நான் பிறகு பலதடவை பார்த்தேன். உலகத்தில் மற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் கட்டினார்கள்: காட்டுக்குள் ஓடி மரம் தறிப்பார்கள், பலகை அரிவார்கள், பலகையால் கதவு செய்வார்கள். பட்டியலில் முதலாவதாக நின்றவருக்கு அதற்கு ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்தது. அந்தத் தீவின் மறுகரையில் யாருமில்லாத ஒரு கொட்டில் இருந்தது. அது சும்மா அழகுக்கு வைத்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் தகரக் கூரை, கதவு, மூன்று ஆடு. ஆடுகள் கட்டையில் கட்டப்பட்டிருந்தன.

என் மனைவி மரத்தைத் தட்டிப் பழகியது முதல் வாரத்தில் மட்டும்தான். பிறகு நேரே கொட்டிலுக்கு ஓடத் தொடங்கினாள். முகட்டிலிருந்து தகரத்தைக் கழற்றினாள். கதவைத் தொட்டால் அது உடைந்து பலகையாகிவிடும், அதைக் கொண்டுபோக முடியாது என்பது அந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவள் கதவைத் தொடவில்லை. நிலையைச் சுற்றியிருந்த கற்களைத் தட்டினாள். கதவு நிலையோடு முழுசாக அவள் கையில் வந்து விழுந்தது.

“இது எப்பிடித் தெரியும்?”

“கதவை நிலையோட கழற்றோணும். இதையும் ஒராள் சொல்லித் தரோணுமே?”

சொல்லித் தரத் தேவையில்லைதான். எங்கள் வீட்டு முன்கதவும் அப்படித்தான் கழன்றது. ஊரை விட்டு எழும்பிய அன்று அவள் அலவாங்கால் நிலையைச் சுற்றி இடிக்க, அவளுடைய தம்பி தகரத்தை இறக்க, நான் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். எங்களை ஏற்றிப்போன உழவு மெசின் பெட்டியில் சாக்கு ஏறவில்லை, கதவு ஏறியது. பிறகு இரண்டு வருடம் கூடாரத்தில் அந்தக் கதவின் மேல் நாங்கள் படுத்தோம். கைபிடி இருந்த பக்கம் எனக்கு.

எனக்கு விளங்காமல் இருந்தது வேறொன்று. கொட்டிலைப் பிரித்து முடிந்தவுடன் அவள் ஓடியிருக்க வேண்டும். ஓடமாட்டாள். கட்டைக்குக் கிட்டப் போய் ஆடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவாள். மகள் கணக்குப் பார்த்தாள்: பதினொரு செக்கன். அரைச் செக்கனுக்கு ஆட்கள் மாதக்கணக்கில் பாடுபடும் விளையாட்டில் பதினொரு செக்கன்.

“அம்மா, அந்த ஆடு சாகாது. இந்த விளையாட்டில ஒண்டும் சாகாது” என்று மகள் தொலைபேசியில் கத்தினாள்.

“எனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரியுமே?”

எழும்பிய அன்று எங்கள் கொட்டிலில் நின்ற ஆடுகளை அவிழ்க்கப் போனவளை, “ரெண்டு நாளில வந்திடுவம், ஏறும்” என்று கையைப் பிடித்து ஏற்றியவன் நான். திரும்பி வந்தபோது கட்டையில் கயிறு மட்டும் இருந்தது. அதைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனு வடிவில் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒருநாள், ஆடுகளையும் அவிழ்த்து, எட்டு நிமிடம் நாற்பது செக்கனில் கட்டிலில் படுத்துவிட்டாள். உலகத்தில் யாரும் அவ்வளவு கெதியாகப் படுத்ததில்லை. ஓட்டத்தைப் பதிவுசெய்த வீடியோவைத் தூக்கிக்கொண்டு முருங்கனுக்குப் பஸ் ஏறினோம். அங்கே கணினிக் கடையில் அதை இணையத்தில் ஏற்றி முடிக்க ஒரு பகல் முழுவதும் போனது. கடைக்காரர் இரண்டு தரம் தேத்தண்ணி தந்தார். மூன்றாம் தரம் தரவில்லை.

ஒரு கிழமையில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆள் யார், எந்த நாடு என்று தெரியாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டு சந்தேகம். கதவு எப்படி முழுசாக வந்தது? கொட்டிலடியில் பதினொரு செக்கன் எதற்காக நிற்கிறது? வேகமாக ஓடுகிற எவரும் அப்படி நிற்கமாட்டார்கள், அந்த நேரத்தில் மறைவாக ஏதோ தில்லுமுல்லு நடப்பதாகத் தோன்றுகிறது, விளக்கம் தரவும். தராவிட்டால் நிராகரிக்கப்படும்.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள். முகம் சுருங்கிவிட்டது.

“கள்ளம் எண்டு சொல்லினம், என்ன?”

“சந்தேகம் எண்டுதான் போட்டிருக்கு.”

“ரெண்டும் ஒண்டுதான். எழுதுங்கோவன் ஒரு கடிதம். ஊருக்கெல்லாம் எழுதுறியள்.”

வாழ்க்கையில் முதல்தடவையாக என்னுடைய மனைவி என்னிடம் ஒரு மனு கேட்டாள். மகள் சோதனை எழுதும் காலம், அவளைக் குழப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தேன். உண்மை என்னவென்றால், இப்படியொரு சந்தர்ப்பத்தைப் பங்குபோட எனக்கு மனமில்லை.

வெறும் கடிதத்தை எந்தக் கந்தோர் மதித்திருக்கிறது? இணைப்புகள் வேண்டும். விதானையார் என்று நாங்கள் இன்னும் கூப்பிடும் கிராம அலுவலரிடம் போனேன்.

“வதிவிடச் சான்றிதழ் ஒண்டு வேணும்.”

“என்ன தேவைக்கெண்டு போடுறது?”

“வீடு கட்டினதுக்கு.”

“வீட்டுத்திட்டமோ? அது முடிஞ்சுதே, ஐயா.”

“இது வேற. கணினிக்குள்ள கட்டினது.”

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அங்கையும் காணி உறுதிப் பத்திரம் கேக்கினமோ?”

“அது இன்னும் கேக்கேல்லை.”

“கேப்பினம்” என்றார். படிவத்தை எடுத்து நிரப்பினார். குடும்பத் தலைவர்: நான். தங்கிவாழ்வோர் தொகை: இரண்டு. முத்திரை குத்தினார். பிறகு பாதரிடம் போய், இந்தக் குடும்பம் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவது, பொய் புரட்டுக்குப் போகாதது என்று ஒரு கடிதம் வாங்கினேன். ஞாயிறு தவறாமல் என்ற இடத்தில் பாதர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், எழுதித் தந்துவிட்டார்.

மனுவை ஆங்கிலத்தில் நான்கு பக்கத்துக்கு எழுதினேன். கதவுக்கு ஒரு பக்கம், ஆட்டுக்கு இரண்டு பக்கம். ஆட்டுப் பகுதியை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால் அதைக் குறைக்கவில்லை. தொடக்கம் மட்டும் வழக்கமானது, யோசித்து எழுத வேண்டியதில்லை, கை தானாக எழுதும்: ‘அடியிற் கையொப்பமிடும் குடும்பத் தலைவராகிய நான் தாழ்மையுடன் அறியத் தருவதாவது.’ எல்லாவற்றையும் முருங்கனில் ஸ்கான் பண்ணி அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில். இவ்வளவு விரிவான ஆவணங்கள் தங்களுக்கு இதுவரை வந்ததில்லையாம். சந்தேகம் முழுவதும் தீர்ந்ததாம். ஓட்டம் ஏற்கப்பட்டதாம். அரச சான்றிதழின்படி ஓடியவரின் பெயரையும் சரிசெய்துவிட்டார்களாம்.

பட்டியலைத் திறந்தோம். முதலாம் இடத்தில் என்னுடைய பெயர், தலைப்பெழுத்தோடு.

உலகத்திலேயே மிக விரைவாக வீடு கட்டுபவன் நான். எங்கள் குசினிச் சுவர் அப்போது பூசப்படாமல் மூன்று வருடம். அதற்காக என்னிடம் சீமெந்து இரண்டு பை இறுகிப்போய் இருந்தது.

நான் சண்டையை எதிர்பார்த்தேன். அவள் கணினியை மெல்ல மூடினாள். தைக்க வந்திருந்த பள்ளிக்கூடச் சட்டைத் துணியை எடுத்து விரித்து வெட்டத் தொடங்கினாள். இரவுச் சாப்பாட்டுக்கு, “சாப்பிட வாங்கோ, குடும்பத் தலைவர்” என்றாள். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள், “குடும்பத் தலைவருக்குச் சொதி காணுமோ?” பேர் தெரியாத யாரோ வெளிநாட்டுக்காரன் என் மின்னஞ்சலுக்கு, உங்களுடைய கதவு உத்தி அற்புதம், எத்தனை மணித்தியாலம் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தான். அதை நான் அவளுக்குக் காட்டவில்லை.

மகள் சோதனை முடித்து விஷயத்தைக் கேள்விப்பட்டாள்.

“அப்பா, விளையாட்டுக்காரருக்கு ஆராவது பாதரிட்டக் கடிதம் வாங்கி அனுப்புவினமோ?”

“ஆதாரம் வேண்டாமோ?”

“ஆர் விளையாடினதெண்டு ஒரு வரி எழுதியிருந்தாக் காணும். அம்மாவிட பேர் அந்த நாலு பக்கத்தில எங்கயாவது இருக்கோ?”

நகலை எடுத்துப் பார்த்தேன். இருந்தது ‘எனது குடும்பத்தினர்’. ஏழு இடத்தில் இருந்தது.

இரண்டாவது மனு எழுதினேன். ஓடியது நான் அல்ல, என் மனைவி. இப்போது குழப்பம் அவர்களுடையது. முதலில் அவள் என்று வந்தது, பிறகு முத்திரையோடு நீங்கள் என்று வந்தது, மறுபடி அவள் என்கிறீர்கள். ஆகவே அவர் எங்கள் கண்முன்னே நேரடியாக ஓடிக் காட்டட்டும், சனிக்கிழமை, உங்களுக்குக் காலை பத்து மணி என்று பதில் வந்தது.

அவள், “ஓம்” என்றாள். அன்றுமுதல் அடுப்பை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்தாள்.

வீட்டில் இணைப்பு நில்லாது. ஊரில் சிக்னல் ஒழுங்காக எடுக்கும் இடம் ஒன்றுதான்: கடற்கரை மேட்டில் இடிந்து நிற்கும் பழைய பங்களாவுக்குப் பக்கத்தில். சனிக்கிழமை காலை அங்கே ஒரு மேசையும் கதிரையும் கொண்டுபோய் வைத்தேன். வெயிலில் திரை தெரியாததால் கறுப்புக் குடையை நான் பிடித்தேன். நல்ல காற்று. குடை என்னையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது.

அவள் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருக்கும்போது, வலையடியிலிருந்து வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, என்ன பதியினம்?”

“ஒண்டும் பதியேல்லை.”

“மேசை போட்டு, குடை பிடிச்சு, அக்கா ரைப் பண்ணுறா. ஒண்டும் இல்லையோ?” என்று சொல்லி எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். சற்று நேரத்தில் அவருக்குப் பின்னால் இன்னொருவர். மூன்றாமவர் அடையாள அட்டையோடு வந்தார். நான் ஒன்றும் சொல்ல முடியாத நிலை. வெளிநாட்டில் யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஓட்டம் தொடங்கிவிட்டது.

அவள் கடற்கரையோரமாக ஓடினாள். கொட்டில். முகடு. தகரம். கற்கள். கதவு நிலையோடு விழுந்தது. “அட, நிலையோட கழட்டுறா” என்றார் அடையாள அட்டைக்காரர். நேரம் நன்றாக இருந்தது, பழைய நேரத்தையும்விட நன்றாக. மனைவியின் கை கட்டைப் பக்கம் திரும்பியது. இன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு ஓடினால் முதலாவதாக வந்துவிடுவாள். அது எனக்கு வாய்வரை வந்தது. ஊரை விட்டு எழும்பிய அன்று சொன்ன ஆள் நான் என்பதால், சொன்ன வசனமும் ஏறக்குறைய அதேதான் என்பதால், வாயை மூடிக்கொண்டு குடையை இறுக்கிப் பிடித்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது ஆடு அவிழ்ந்த பிறகும் போகாமல் அங்கேயே நின்று எங்களைப் பார்த்தது.

“போவன்” என்றாள் அவள், திரையைப் பார்த்து.

அந்த நேரம் ஒரு காற்று அடித்துக் குடை மடங்கியது. வெயில் திரையில் விழுந்து எதுவும் தெரியாமல் போனது. பின்னால் நின்ற மூன்று பேரும் ஒரேயடியாக வந்து திரைக்கு நிழலாக நின்றார்கள். அவள் சுவர் வைத்தாள், நிலை வைத்தாள், தகரம் போட்டாள், விளக்கு வைத்தாள், படுத்தாள். எட்டு நிமிடம் ஐம்பத்திரண்டு.

“முடிஞ்சுதோ? எங்கட பேர்?” என்று கேட்டார் முதலில் வந்தவர்.

பட்டியல் அடுத்தநாள் வந்தது. இதற்கிடையில் உலகம் சும்மா இருக்கவில்லை. என் பெயரில் கிடந்த அவளுடைய படத்தைப் பார்த்து ஆட்கள் கதவை நிலையோடு கழற்றப் பழகியிருந்தார்கள், ஆடு அவிழ்க்காமல். முதல் மூன்று இடத்திலும் முன்பின் தெரியாத பெயர்கள். நான்காவது நான், எட்டு நாற்பது. அதை எடுக்க மறந்துவிட்டார்கள். ஐந்தாவது அவள்.

அவள் விரலால் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். தலைப்பெழுத்து இல்லை, பக்கத்தில் தொகை இல்லை, துணைவர் என்று இல்லை. எழுத்துக்கூட்டல்கூடச் சரியாக இருந்தது. எங்கள் பட்டியல்களில் அது அபூர்வம்.

“வடிவா இருக்கு” என்றாள்.

விளையாட்டைத் தொடங்கவே தெரியாத நான் அவளுக்கு மேல் நிற்பது எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் கேட்காமலே மூன்றாவது மனுவை எழுதினேன், இணைப்பு ஏதும் இல்லாமல், மூன்று வரியில். ஒரு பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி நான் எழுதிய ஒரே மனு அது. அன்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள். அவள் நான்காவதாகிவிட்டாள். நல்ல செய்தி சொல்லும் ஆசையோடு குசினிக்குப் போய்ச் சொன்னேன்.

அவள் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“ஆர் உங்களை எடுக்கச் சொன்னது?”

“உமக்காகத்தான்...”

“பன்ரெண்டு செக்கன்தானே வித்தியாசம்? உங்களை நான் ஓடி முந்தியிருப்பன். இப்ப சும்மா கிடைச்ச நாலாமிடம். திருப்பிப் போடச் சொல்லுங்கோ.”

“அது நான் ஓடின ஓட்டம் இல்லையே, உம்மட ஓட்டம்தானே?”

“ஓம். பேர் உங்கடதானே.”

தன்னைத் தானே முந்துவதற்காக என்னைத் திரும்ப ஏற்றச் சொல்கிறாளா, அல்லது நான்தான் முந்தப்பட வேண்டுமா, இல்லை இரண்டும் ஒன்றுதானா என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். நான் மேசையின் மறுபக்கத்தில் வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, வழக்கம்போல ‘குடும்பத் தலைவராகிய நான்’ என்று எழுதி, அதை வெட்டிவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் பேனையோடு இருந்தேன்.